ஒரு கை குறைந்தது

மனசாரப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொய் பேசுகிறவனையாவது ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். இவர்களைப் பிடிக்கவே முடியாது. சொல்வதெல்லாம் அந்த நேரத்துக்கு அவ்வளவும் நிஜம்.

எங்கள் அடையாறு குடியிருப்பின் செயலாளர் அந்த ரகம். ஓய்வு பெற்றவர், பூர்விகம் மயிலாப்பூர், எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிறவர். நான்காவது மாடியில் இருக்கும் எங்களுக்கும் இன்னும் சில வீடுகளுக்கும் ஞாயிறுதோறும் கொட்டிவாக்கத்திலிருந்து ஓர் அக்கா மீன் கொண்டுவருவார். ஒரு தடவை கூடையிலிருந்து மீன் தண்ணீர் லிப்டில் சொட்டிவிட்டது. அக்காவே துடைத்துவிட்டுத்தான் போனார். ஆனாலும் மறுநாள் லிப்டில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது: மீன் கூடையோடு ஏறக் கூடாது.

அக்காவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவை. அடுத்த ஞாயிறு மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

"முட்டி வுட்டுப்போச்சு சார். இப்டியே ஏறிக்கினு இருந்தா இனிமே நா வர முடியாது," என்றார் என்னிடம்.

இதைப் பார்த்த செயலாளருக்குக் குரல் உடைந்துவிட்டது. "பாக்கவே முடியலை சார். இன்னிக்கு ஆத்துல நேக்கு சாதமே இறங்காது. மீட்டிங்ல நானே பேசறேன்."

உள்ளே போய் அக்காவுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை இல்லை இது. மனுஷன் நிஜமாகவே அழுதார். என் எரிச்சலே அதில்தான்.

மொட்டைமாடியில் கூட்டம் நடந்தது. தரைத்தளத்து மாமி முதலில் எழுந்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அக்கா கேட்டுக்குள் நுழைந்தாலே ஜன்னலைப் படாரென்று சாத்துகிறவர், எதிரே வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்.

"நேக்கு அந்த நாத்தம் ஆகாது, குமட்டிண்டு வரும்," என்றார் மாமி. "அதுக்காக முட்டி தேஞ்சவளைப் படியேற வைக்கறது அக்கிரமம். மூடி போட்ட டப்பால கொண்டு வரட்டும். லிப்ட்ல ஏறட்டும்."

அறிவிப்பை எடுக்கச் சொல்கிறவர்கள் கை தூக்கும்படி சொன்னார்கள். மாமி தூக்கினார். நான் தூக்கினேன். மீன் வாங்கும் வீடுகளெல்லாம் தூக்கின. பெரும்பான்மைக்கு ஒரே ஒரு கை குறைந்தது. செயலாளரைப் பார்த்தேன். அவர் கை கைக்குட்டையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"எல்லார் மனசும் நோகாம இருக்கணுமே சார்," என்றார்.

அறிவிப்பு அங்கேயே இருக்கிறது. அவருக்கு மனசு சுத்தம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இருக்கட்டும், சுத்தமாகவே இருக்கட்டும். அதற்குப் பெயர் நேர்மை என்று மட்டும் என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். மனசில் பட்டதைச் சொல்ல ஈரம் போதும், சொன்ன இடத்தில் நிற்கத்தான் முதுகெலும்பு வேண்டும்.

இப்போது அக்கா மாடிக்கு வருவதில்லை. கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து விற்கிறார். இறங்கி வரச் சோம்பல்பட்டுப் பாதி வீடுகள் செல்போன் ஆப்பில் மீன் வரவழைக்கின்றன. செயலாளர் தன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அவருக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். போடும்போதும் கண் கலங்கினாராம்.

போன ஞாயிறு சங்கரா மீன் வாங்கப் போனேன். செதிலைச் சீவிக்கொண்டே அக்கா சொன்னார்: "இந்த பில்டிங்குல அந்த அய்யா ஒர்த்தருதான் சார் மனுசன். எனக்கோசரம் அழுதாரு. அதோ போவுது பாரு, அந்தம்மாவுக்கு இன்னா திமிரு!"

மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

நான் விடவில்லை. "அந்தம்மாதான் அக்கா உங்களுக்காகச் சண்டை போட்டாங்க. உங்க அய்யா கையைக்கூடத் தூக்கலை."

அக்கா சிரித்தார். "சும்மா சொல்லாத சார். மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா?"