அம்மா வைக்காத கைநாட்டு

பாரிஸுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் புறநகரில் ஒரு சின்ன மருத்துவ நிலையம் இருக்கிறது. போன மாதம் தோள்வலிக்காக அங்கே போனேன். வரவேற்பு மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, வேறு யாரும் இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். ரந்தேவூ இருக்கிறதா என்றாள். முன்பதிவுக்கு இங்கே அதுதான் பெயர். அதை வாங்கத்தான் வந்தேன் என்றேன். இணையத்தில் எடுங்கள் மதாம் என்று இனிமையாகச் சிரித்தாள். வெளியே வந்து அதே வாசலில் நின்று போனை எடுத்தேன். கணக்கு தொடங்கச் சொன்னது, கடவுச்சொல் கேட்டது. பாகூர்ப் பக்கம் இருக்கும் என் ஊர்ப் பெயரை, குருவிநத்தம் என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். பலவீனமானது என்று சிவப்பில் காட்டியது. எனக்குச் சுருக்கென்றது. பின்னால் ஓர் எண்ணும் ஆச்சரியக்குறியும் சேர்த்த பிறகுதான் என் ஊர் அந்தத் தளத்துக்குப் பிடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அந்தப் பெண் எனக்குக் கையாட்டினாள்.

இங்கே எல்லாம் இப்படித்தான். பிள்ளையின் பள்ளிக்கு லீவு சொல்ல ஒரு தளம், பழைய அலமாரியை யாருக்காவது கொடுக்க ஒரு தளம், பக்கத்து வீட்டுக்காரர்களோடு பழகுவதற்குக்கூட ஒரு தளம். மாடிப்படியில் எதிரே வந்தால் போன்ழூர் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், அதற்குள் போனால் பூனை காணவில்லை என்று பக்கம் பக்கமாக அழுகிறார்கள். இதையெல்லாம் நான் ஒருவிதமாகப் பழகிக்கொண்டேன். பழக முடியாமல் போனது ஊர்க்காரர்கள் எல்லோரும் படம் போட்டுக்கொள்ளும் ஒரு தளம்தான். அங்கேதான் என் தம்பி மனைவி சுகந்தி ராணியாக இருக்கிறாள்.

சுகந்தி பிள்ளையார்குப்பத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். காலையில் பஸ் ஏறும்போது ஒரு படம், மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு படம். அதோடு விட்டால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் என் அம்மாவோடு படம். அம்மாவுக்குப் போன் வாங்கி அனுப்பியது நான். அதில் கணக்கு தொடங்கிக் கொடுத்தது அவள். அம்மாவின் பெயருக்கு மேலே இருக்கும் வட்டத்தில் அம்மாவின் முகம் பாதி, சுகந்தியின் முகம் பாதி. நாத்தனார் புத்தி என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. சொல்லிக்கொள்ளுங்கள். வயிறு எரிந்தது எனக்குத்தானே.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் படத்துக்குக் கீழே இருக்கும் கட்டைவிரலைத் தொடத் தெரியும். அதற்கு அவள் வைத்த பெயர் கைநாட்டு. 'கந்தன் ஆட்டுக்குட்டி போட்டோ போட்ருந்தான், கைநாட்டு வெச்சேன்' என்பாள். கட்சிக்காரனுக்கும் வைப்பாள், கருவாட்டு விளம்பரத்துக்கும் வைப்பாள், எதிர்க்கட்சிக்காரனுக்கும் வைப்பாள். சுகந்தியின் படங்களில் ஒன்று விடாமல் வைப்பாள். நான் பனியில் நிற்கும் படத்தைப் போட்டேன். எண்பது பேர் வைத்தார்கள், அம்மா வைக்கவில்லை. ஆற்றங்கரையில் பிள்ளைகளோடு நிற்கும் படத்தைப் போட்டேன். அதற்கும் இல்லை. முதலில், பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் மட்டும் நின்று மறைகிற படமாகப் போட்டால் யார் யார் பார்த்தார்கள் என்று அந்தத் தளம் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் அம்மா முதல் ஆளாக இருந்தாள். பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

கைநாட்டு என்ற சொல்லே எனக்கு ஒரு காலத்தில் வெட்கம். கல்லூரியில் படிக்கும்போது அம்மாவோடு பாகூர் பதிவு அலுவலகத்துக்குப் போயிருக்கிறேன். என் கல்யாணத்துக்காகக் கழனியை விற்ற நாள் அது. மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் பக்கம் சொல்தா என்போம். அந்தக் குடும்பத்தில் பெண் கொடுப்பதென்றால் பிரான்சுக்கே பெண் கொடுப்பது. குமாஸ்தா அம்மாவின் விரலைப் பிடித்து மையில் உருட்டிப் பத்திரத்தில் அழுத்தினார். அம்மா மையைத் துடைக்கத் துணி தேடாமல் கட்டைவிரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டாள். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அடுத்த மாதம் விசாவுக்காக என் பிறப்பைப் பதிய வேண்டியிருந்தது. நான் வீட்டில் பிறந்தவள், சான்றிதழ் இல்லை. இவள் என் வயிற்றில் பிறந்தவள்தான் என்று அம்மா இன்னொரு தாளில் கைநாட்டு வைத்தாள். மறுபடியும் தலைமுடியில் தேய்த்தாள். இந்தமுறை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான் ஒரு பள்ளி கேண்டீனில் தட்டு கழுவுகிறேன். கூட வேலை செய்யும் நாதியா, அல்ஜீரியாக்காரி, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று ஒருநாள் கேட்டாள். இங்கே அந்தக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் 'ழெம்' என்று எழுதியிருக்கும். எனக்குப் பிடிக்கிறது என்றும் அர்த்தம், நான் நேசிக்கிறேன் என்றும் அர்த்தம். எனக்கு வரும் பிரெஞ்சில், அம்மா எனக்கு ழெம் போடுவதில்லை என்று சொல்லப் பார்த்தேன். 'மா மேர் ந மெம் பா' என்று வந்தது. நாதியாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஈரக் கையுறையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த மனநல ஆலோசகரின் ரந்தேவூ தளத்தை என் போனில் திறந்து கொடுத்தாள். அம்மா என்னை நேசிப்பதில்லை என்று நான் சொல்லியிருக்கிறேன் என்பது பேருந்தில் வரும்போதுதான் புரிந்தது. திருத்தியிருக்கலாம், ஆனால் எனக்குத் திருத்தத் தோன்றவில்லை. நான் சொல்ல நினைத்ததே அதுதானோ என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுகந்தி ஒரு படம் போட்டாள். என் அம்மாவின் கையில் அவள் மருதாணி வைக்கிறாள். அம்மா பல் விழுந்த இடம் தெரியச் சிரிக்கிறாள். கட்டைவிரலுக்குப் பச்சைத் தொப்பி. நாற்று நடப் போகும் கைக்கு மருதாணி எதற்கு என்று எனக்குக்கூட வைத்துவிடாதவள் என் அம்மா. நான் அன்று செய்த காரியத்தை எழுதக் கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். காவேரி ராணி என்ற பெயரில், ஒரு ரோஜாப் பூவை முகமாக வைத்துக் கள்ளக் கணக்கு ஒன்று தொடங்கினேன். அந்தப் படத்துக்குக் கீழே, 'மாமியாரைக் காட்டிப் பேர் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள்' என்று எழுதினேன். உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. சுகந்தி கோபப்படவில்லை. 'ஆமாக்கா, பேரே அவங்களாலதான்' என்று பதில் போட்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் என் வரிக்குக் கீழே ஒரு கட்டைவிரல் விழுந்தது. யாரென்று பார்த்தேன். அம்மா. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல், வந்தவர்களுக்கெல்லாம் வைப்பதுபோல் வைத்திருக்கிறாள். அந்தத் தளத்தில் அம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே கைநாட்டு, என் பெயரில்லாமல் நான் கக்கிய விஷத்துக்குத்தான் கிடைத்தது. அந்தக் கணக்கை அன்றே அழித்துவிட்டேன்.

புதன்கிழமை இங்கே பள்ளி இல்லை. காலையிலேயே அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம், சுகந்தி வேலைக்குப் போயிருக்கும் நேரம். திரையில் அம்மாவின் நெற்றியும் கூரை விசிறியும் மட்டும் தெரிந்தன. சுற்றி வளைக்கப் பொறுமை இல்லை.

"ஏம்மா, ஊர்ல இருக்கிறவன் படத்துக்கெல்லாம் கைநாட்டு வெக்கிற. என் படத்துக்கு மட்டும் ஏன் வெக்க மாட்டேங்கிற?"

"இன்னாடி கேக்குற நீ?"

"நீ பாக்குறது எனக்குத் தெரியும். சுகந்தின்னா ஒடனே வெக்கிற. நான் இன்னா பண்ணேன் ஒனக்கு?"

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா போனை நேராகப் பிடித்தாள், முகம் முழுதாக வந்தது.

"பாகூர்ல வெச்சேன், கழனி பூட்டுது. ஆபரேசனுக்கு முன்னாடி உங்கப்பாவுக்கு வெச்சேன், அவரு எழுந்திரிக்கவே இல்ல. நீ பொறந்ததுக்கு அத்தாட்சின்னு வெச்சேன், அந்தப் பேப்பர எத்துக்கினு நீயும் பூட்ட. இன்னும் ஒனக்கு வேற வெக்கணுமா?"

"அது லைக்குமா. நல்லாருக்குன்னு அர்த்தம்."

"ஒனக்கு அது இன்னாவோ. எனக்குக் கைநாட்டுதான். நீ அங்க பனியில சிரிச்சிக்கினு நிக்கிற. அதுக்கு நான் வெச்சா, செரி, அங்கயே இருந்துக்கோன்னு ஒத்துக்கினதா ஆவும். நான் ஒத்துக்கல."

"அப்போ சுகந்திக்கு?"

"அவளுக்கு இன்னா. சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுல வூட்டுக்கு வந்துடுவா."

சாப்பிட்டியா என்றேன். இப்பத்தான் என்றாள்.

போன வாரம் என் தங்கும் அட்டையைப் புதுப்பிக்கப் பிரெஃபெக்தூருக்குப் போனேன். நம் ஊர் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. தாள்களையெல்லாம் இணையத்தில் ஏற்றியாகிவிட்டது. கைரேகைக்கு மட்டும் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். கல்லூரி முடித்து, எங்கும் கையெழுத்தே போட்டுப் பழகிய என்னிடம் கட்டைவிரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னாள் அங்கிருந்த அதிகாரி. தட்டு கழுவித் தேய்ந்த விரல், முதலில் பதியவில்லை. இன்னும் அழுத்தமாக என்றாள். அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. கண்ணாடியில் மை கிடையாது. ஆனாலும் எனக்கே தெரியாமல் கட்டைவிரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, கவலைப்படாதீர்கள் மதாம், இன்று போட்டோ எடுக்க மாட்டோம், உங்கள் தலைமுடி அழகாகத்தான் இருக்கிறது என்றாள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

சுகந்தி மேல் பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. முன்பாவது அவளுடைய படங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அவள் ஏறும் ஆறு மணி பஸ்ஸை நினைத்துப் பொறாமைப்படுகிறேன். இது இன்னும் மோசம்.

அன்று பிரெஃபெக்தூர் வாசலில் நின்று ஒரு படம் எடுத்து, ஒருநாள் நின்று மறைகிற படமாகப் போட்டேன். முதல் லைக் சுகந்தியுடையது, எப்போதும் போல இதயக் குறியோடு. பார்த்தவர்கள் பட்டியலைத் திறந்தேன். அம்மா பார்த்திருந்தாள். விரலால் மெல்லத் தள்ளித் தள்ளி அவள் பெயருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் இருக்கிறதா என்று தேடினேன், முன்பு தேடிய அதே வேகத்தோடு. இல்லை. சாயங்காலம்வரை, வைத்துவிடுவாளோ என்ற பயத்தோடு நான்கைந்து முறை திறந்து பார்த்தேன். கடைசிவரை அவள் வைக்கவில்லை.