நஷ்டப் பக்கம்

அன்னவாசல் குழந்தைசாமியிடம் வாடகை சைக்கிள் கடை போட்ட கதையைக் கேட்டால், முதலில் தங்கச்சி பெயரைத்தான் சொல்வார். சைக்கிள் பேச்சு அப்புறம்தான் வரும்.

ஐம்பத்தைந்தாம் வருஷம். புதுக்கோட்டையில் யார் கடையிலோ பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்குச் சொந்த ஊரில் கடை போட ஆசை. நாலு சைக்கிள் வாங்கக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டார். செயலாளர் ஞானமணி நல்லவர்தான், ஆனால் மகா பிடிவாதக்காரர். "எப்படி நடத்தப் போறீங்கன்னு எழுதிக்கிட்டு வாங்க" என்றார். குழந்தைசாமி பிள்ளையார் சுழி போட்டு, தலைப்பில் 'லாபம்' என்று எழுதி, சந்தைக்குப் போகிறவர், சித்தன்னவாசல் பார்க்க வருகிறவர், பள்ளிக்கூட வாத்தியார் என்று வாடிக்கையை எல்லாம் அடுக்கிக் கொண்டுபோய் நீட்டினார்.

ஞானமணி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் சரிங்க. வண்டி களவு போனா? மழை மாசத்துல ஆளே வரலேன்னா? நஷ்டம்னு ஒரு பக்கம் எழுதுங்க. நாளைக்குக் கமிட்டி. அது இல்லாம உங்க மனுவை நான் வைக்க மாட்டேன்."

அங்கேதான் சிக்கல். குழந்தைசாமி வீட்டில் விளக்கை அணை என்று சொல்லமாட்டார்கள். குளிர வை என்பார்கள். அரிசிப் பானை காலியானால் 'நெறஞ்சிருக்கு' என்பார்கள். அப்படி வளர்ந்த பிள்ளை, தொடங்காத தொழிலுக்கு நஷ்டம் என்று எழுதுமா? பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக உட்கார்ந்திருந்தார். எழுத்துத் தெரிந்த பெண்டாட்டி பிச்சையம்மாளும், "ஐயையோ, நான் மாட்டேன்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தங்கச்சி அமராவதி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். நல்ல காரியம் எதற்கும் எதிரே வராமல் தன்னைத்தானே ஒதுக்கிக்கொள்ளப் பழகியிருந்தாள், பாவி மகள்.

"இங்கிட்டுக் குடுண்ணே, நான் எழுதுறேன்."

"வேணாம் ஆத்தா."

"எனக்கு இனிமே கெடுறதுக்கு என்ன இருக்கு? அந்த வார்த்தை ஒட்டுறதா இருந்தா என்மேல ஒட்டட்டும். ஒன்மேல வேணாம்."

குழந்தைசாமி பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தனித்தாளில், சுழி போடாமல் எழுதினாள். கருவமுள் குத்தி டயர் வீணாகும். ஐப்பசி மழையில் வண்டி துருவேறும். தெரியாத ஆள் ஓட்டிக்கொண்டு திருச்சிக்கே போய்விடுவான். ஆகவே ஊரில் ஒருத்தர் ஜாமீன் சொன்னால்தான் வண்டி. அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தால் பிச்சையம்மாள் கடையைப் பார்த்துக்கொள்வாள். தன் பெயரை மட்டும் அதில் எங்கேயும் எழுதவில்லை.

"இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் கமிட்டி ஒத்துக்கிட்டாங்க" என்றார் ஞானமணி மறுநாள்.

கடை திறக்கிற அன்று, ராசிக்காரக் கை என்று பேரெடுத்த பெரியகருப்பன் முதல் போணி பண்ண ஓரணாவோடு வந்து நின்றார். "செத்த இருங்க மாமா" என்று சொல்லிவிட்டுக் குழந்தைசாமி வீட்டுக்கு ஓடினார். கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள் அமராவதி.

"கெளம்பு ஆத்தா. மொத வாடகை ஒன்னோடதுதான்."

"வெளையாடாதண்ணே! நல்ல நாளும் அதுவுமா நான் வந்து நின்னா வெளங்குமா?"

"எனக்கு வர இருந்த கெடுதலை ஒன் தலையில வாங்கிக்கிட்டவ நீ. ஒன் கைய விட எனக்கு எந்தக் கை ராசி? நீ வரலேன்னா கடை இன்னைக்குத் தெறக்காது."

வந்தாள். கடை முன்னால் கூடியிருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முந்தி முடிச்சை அவிழ்த்து ஓரணாவை எடுத்து நீட்டினாள். குழந்தைசாமி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரியகருப்பன் முகம் ஒரு மாதிரியானது. பிறகு என்ன நினைத்தாரோ, "அப்ப ரெண்டாவது என்னோடதுப்பா" என்றார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதேண்ணே."

"பின்னாடி ஒக்காரு."

விடியுமுன் தண்ணீருக்கு மட்டும் அவள் நடந்து பழகிய அந்தத் தெருவில், வெள்ளைச் சீலையோடு அவளைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு, பட்டப்பகலில் மணியடித்துக்கொண்டே போனார் குழந்தைசாமி.