காய்ச்சல் வராத உடம்பு

தலைமன்னாரிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் ஒரு முதியவர் என் பக்கத்தில் இருந்தார். மீன்பிடிக்காரர். கன்னங்கள் ஒட்டியிருந்தன. அடிக்கடி புறங்கையால் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சாரம் விலகியபோதுதான் காலைக் கண்டேன். பாதத்திலிருந்து முழங்கால்வரை கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. காலில் என்ன என்று கேட்டேன்.

"மீன் முள்ளுக் குத்தினது. காய்ச்சல் இல்லை மகள், பயப்பிடாதேங்கோ."

"ஒழுங்காச் சாப்பிடுறனீங்களோ ஐயா?"

"மனுசி செத்தாப் பிறகு சமைக்க ஆளில்லை. தேத்தண்ணியும் விசுக்கோத்தும்தான்."

பஸ்ஸிலிருந்து இறங்க அவரால் முடியவில்லை. நானே தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காலைப் பார்த்த டொக்டரின் முகம் மாறியது.

"காய்ச்சல் இல்லாததுதான் பயம். வயசும் போய், சாப்பாடும் குறைஞ்சால், ரத்தத்தில கிருமியோட சண்டை பிடிக்கிற கலங்கள் சோர்ந்துபோகும். கிருமி ஏறினாலும் உடம்பு காய்ச்சல் காட்டாது."

முதியவர் என் கையை இறுகப் பிடித்தார்.

"அப்ப, எனக்காக உள்ளுக்க ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லையோ?"

வார்ட்டுக்குக் கொண்டுபோகும்வரை அவர் என் கையை விடவில்லை.

சில நாள் கழித்துப் பார்க்கப் போனேன். கால் தப்பிவிட்டது என்றார்கள். அவர் கட்டிலில் இருந்து அவித்த முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் சிரிக்கவில்லை. விழுந்த துணுக்கைக்கூட விரலால் பொறுக்கி வாயில் வைத்தார். அவ்வளவு பயத்தோடு ஒருவர் சாப்பிட்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.