அத்தை மேல் இரண்டு முறை வந்த சாமி

எங்கள் தோட்டத்தில் சாமி வருவதற்கென்றே சில வீடுகள் இருந்தன. மூன்றாம் லயத்துக் கங்காணி வீட்டில் வருடம் தவறாமல் யாருக்காவது வரும். பூசாரி வீட்டில் ஒருமுறை மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே நேரத்தில் வந்து, யார் காலில் முதலில் விழுவது என்று தெரியாமல் கூட்டம் திண்டாடியது. எங்கள் வீட்டில் மட்டும் யாருக்கும் வந்ததில்லை. ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய குறை.

எழுபதுகளின் கடைசி அது. கரங்கான் டவுனிலிருந்து நான்கு கட்டை, அதாவது நான்கு மைல் உள்ளே, ரப்பர் மரங்களுக்கு நடுவே வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள்தான் எங்கள் லயம். வீட்டில் அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை அப்பாவின் அக்காள். மாமா இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்து தங்கியவள். கொஞ்ச காலம் அவளும் ரப்பர்ப் பால் வெட்டப் போனாள். பிறகு பிரசர் வந்தது. அது தனியாக இருக்கப் பயந்ததோ என்னவோ, அடுத்த வருடமே இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோயையும் துணைக்கு அழைத்துக்கொண்டது. அதோடு வேலை நின்றது.

பிரசருக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்க்கும் டிரசர் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார். இனிப்புநீருக்கு டவுன் ஆஸ்பத்திரியில் வேறொரு மாத்திரை. காலையில் ஒரு ஜோடி, மாலையில் ஒரு ஜோடி. மாதம் ஒருமுறை அத்தையோடு டிரசரிடம் போவது எனக்குத் திருவிழா மாதிரி. கையில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் உருண்டையை அவர் அமுக்க அமுக்க, கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறும். அத்தைக்குள்ளிருந்து ஏதோ ஒன்றை அவர் உறிஞ்சி எடுத்துக் காட்டுகிறார் என்று நினைத்து வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

வீட்டில் அத்தையின் நிலைமை அவ்வளவு கம்பீரமானதல்ல. கருவாடு கூடாது, உப்பு கூடாது, சீனி கூடாது என்று டாக்டர் சொன்னதை எல்லாம் அம்மா சட்டமாக்கியிருந்தாள். சீனி டின் அலமாரியின் உச்சியில் இருந்தது. விடியுமுன் வெட்டுக்குப் போய் மதியம் பால் வாடையோடு திரும்பும் அம்மா, சட்டியைத் திறந்து பார்த்ததும் ஆரம்பித்துவிடுவாள். கருவாட்டுத் துண்டு ஒன்று குறைகிறது, குழம்பு கரிக்கிறது, நாளைக்குக் கை கால் இழுத்துக்கொண்டால் யார் பார்ப்பது? அத்தை தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போய்விடுவாள். தம்பி வீட்டுச் சோறு அல்லவா!

அந்த வருட மாரியம்மன் திருவிழாவுக்கு அத்தை பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை வெறுங்காலோடு நடக்க வேண்டும். பால் அம்மன் தலையில் ஊற்றப்படும் வரை பச்சைத் தண்ணீர்கூடப் படாத விரதம். மாத்திரையை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. எங்கள் லயத்துப் பெண்கள் கூடி அதற்கு ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். மாத்திரை சோறு இல்லை, அதனால் விரதம் கெடாது. மாலையில் கோயில் சந்தடியில் மறந்துபோகும், அதனால் காலையிலேயே இரண்டு வேளைக்கும் சேர்த்து விழுங்கிவிடலாம். யாருக்கும் டிரசரைக் கேட்கத் தோன்றவில்லை. அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்; நம் விரதத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

அத்தை நான்கு மாத்திரைகளையும் எச்சிலோடு விழுங்கிவிட்டு மஞ்சள் சேலை கட்டிக்கொண்டாள்.

உச்சி வெயிலில் ஊர்வலம் கோயில் வாசலை அடைந்தபோதுதான் அது நடந்தது. அத்தையின் நடை தள்ளாடியது. யாரோ குடத்தை வாங்கிக்கொண்டார்கள். அவள் முகமும் கழுத்தும் தண்ணீர் ஊற்றினாற்போல் வியர்த்துக் கொட்டின. கண்கள் எங்கோ நிலைகுத்தி நின்றன. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. "பசிக்குது" என்றாள். அவள் குரலே இல்லை அது.

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்த, உருமி மேளம் வெறிகொண்டு எழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் வீட்டுக்குச் சாமி வந்துவிட்டது! அதுவும் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிடுகிற என் அத்தையைத் தேடி வந்திருக்கிறது! கங்காணி சம்சாரம் ஓடிவந்து காலில் விழுந்தாள். பூசாரி கற்பூரம் காட்டினார். அம்மனுக்குப் பசியென்றால் படையலில் குறை என்று பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு நான் கண்டதை என்னாலேயே நம்ப முடியவில்லை. என் அம்மா, சட்டியைத் திறந்ததும் சண்டைக்கு வருகிற என் அம்மா, தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அத்தையின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் டிரசர் வந்தார். திருவிழா நாளில் யாராவது மயங்கி விழுவார்கள் என்று தண்ணீர்ப் பந்தல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அவர். கழுத்தில் மாதா பதக்கம் ஆடக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அத்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பந்தலிலிருந்து ஒரு குவளை ரோஸ் சிராப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

"இனிப்புநீர்க்காரிக்குச் சிராப்பா? அதுவும் சாமி மேல இருக்கிறப்ப!" என்று பூசாரி மறித்தார். கூட்டம் முறுமுறுத்தது. ஒரு வேதக்காரர் அம்மனைத் தொட்டுவிட்டார் என்பது சின்ன விஷயமில்லை.

டிரசர் கோபப்படவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா பசிக்குதுன்னு சொன்னது உங்க காதுல விழலையா? கேட்டதைக் குடுக்கணும்லா" என்றார். பூசாரி விலகி வழிவிட்டார். அத்தை விழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து மிடறு மிடறாகக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் அடங்கியது. அத்தை கண்ணைச் சுருக்கிக் கூட்டத்தைப் பார்த்தாள். தன் காலடியில் கிடந்த அம்மாவைப் பார்த்தாள்.

அம்மன் ஒரு குவளைச் சிராப்புக்கு மலையேறியதைக் கண்டு நான் மலைத்துப்போனேன். அம்மனும் மாதாவும் அக்காள் தங்கையாக இருந்தால்தான் இது நடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாலையில் டிரசர் வீட்டுக்கே வந்தார். குரலைத் தாழ்த்தி அப்பாவிடமும் அம்மாவிடமும் பேசினார். வந்தது சாமி இல்லை, இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது, இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் ஆளே போயிருப்பாள் என்றார். பட்டினி வயிற்றில் இனிப்புநீர் மாத்திரை விஷம் மாதிரி. அதிலும் அத்தை சாப்பிடும் பிரசர் மாத்திரை நெஞ்சுப் படபடப்பை அமுக்கிவிடுமாம். சீனி இறங்குவது அவளுக்கே தெரியாதாம். "ரெண்டு மாத்திரையும் ஒரே ஒடம்புலதான் குடியிருக்கு. ஒண்ணு செய்றது இன்னொண்ணைப் பாதிக்கும்" என்றார். ஒரு வேளை விட்டால் மறுவேளை சேர்த்துப் போடக் கூடாது. பயந்துகொண்டு பிரசர் மாத்திரையை நிறுத்தவும் கூடாது. விரதம் என்றால் முன்கூட்டியே தன்னிடமோ டவுன் டாக்டரிடமோ கேட்க வேண்டும். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து மாத்திரை டப்பா அம்மாவின் பொறுப்பானது. நான் மட்டும் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. சாமியைச் சீனி என்று சொல்லுகிறாரே, வேதக்காரர் வேறெப்படிச் சொல்லுவார்?

அன்றைக்குப் படுக்கப் போகுமுன் அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்து, "பாப்பா, உங்கம்மா நெசமாவே என் கால்ல விழுந்தாளா?" என்று கேட்டாள்.

"ஆமா அத்தை. அழுதாங்க."

"எவ்வளவு நேரம்?"

ரொம்ப நேரம் என்றேன். அத்தை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பத்து நாளைக்கு வீட்டில் அமைதி நிலவியது. அத்தை கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பதினோராம் நாள் ஒரு கருவாட்டுத் துண்டு காணாமல் போக, அம்மா பழைய அம்மாவானாள். அத்தை தட்டோடு பின்வாசல் படிக்குத் திரும்பினாள்.

அடுத்த வருடமும் திருவிழா வந்தது. இந்த முறை அம்மா டிரசரிடம் கேட்டு எல்லாவற்றையும் ஒழுங்கு செய்திருந்தாள். குடம் எடுக்க வேண்டாம், கோயிலுக்கு வந்தால் போதும். வழக்கம்போல் பசியாறிவிட்டு, வழக்கமான மாத்திரை. காலையில் மூன்று தோசை சுட்டு, காலை மாத்திரைகளோடு அத்தை முன்னால் வைத்துவிட்டு அம்மா குளிக்கப் போனாள்.

அத்தை அந்தத் தோசைகளை என் பக்கம் தள்ளினாள். "நீ தின்னு" என்றாள். பிறகு எழுந்து டப்பாவைத் திறந்து மாலைக்கான ஜோடியையும் எடுத்து, மொத்தமாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். "அம்மாகிட்ட சொல்லிடாத."

நான் சொல்வேனா? சாமியை வரவழைக்கிற வித்தை ஊரிலேயே எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. மூன்று தோசையையும் தின்றுவிட்டு, முதல் ஆளாகக் கோயிலுக்கு ஓடி முன்வரிசையில் இடம் பிடித்தேன்.

உச்சி வேளையில் அத்தை ஆட ஆரம்பித்தாள். அதே வியர்வை, அதே ஆட்டம். மேளம் எழுந்தது. கங்காணி சம்சாரம் விழுந்தாள், பூசாரி விழுந்தார். அத்தை அவர்களைப் பார்க்கவேயில்லை. கண்கள் செருகச் செருக அவள் கூட்டத்தில் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அம்மா வந்தாள். ஆனால் விழவில்லை. தரையில் உட்கார்ந்து அத்தையை இழுத்து மார்போடு சாய்த்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து சிராப் போத்தலை எடுத்து அவள் வாயில் வைத்தாள். பாதி மஞ்சள் சேலையில் கொட்டியது. முன்வரிசையில் இருந்ததால் அவள் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

"இதுக்காகவா அண்ணி? வீட்டிலேயே விழறேன். தெனம் விழறேன். இப்படிப் பண்ணாதீங்க அண்ணி."

அத்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். மேளங்கள் ஒவ்வொன்றாக நின்றன. சுற்றி நின்றவர்கள் கலைந்து போனார்கள்.

எங்கள் வீட்டைத் தேடி இரண்டாம் முறையும் வந்த சாமியை, ஒரு வாக்குக்கூடக் கேட்காமல் இப்படி அவசரப்பட்டு அனுப்பிவிட்டாளே என்று எனக்கு அம்மா மேல் ஆத்திரமாக வந்தது. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.