தளி இறக்கத்தில் என் மேல் விழுந்த வண்டி

1950களில் என்னிடம் ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. மேடுபள்ளங்களில் ஆளைக் குலுக்கி எடுத்ததால், பெங்களூரில் அதற்குக் குலுக்கலைத் தாங்கும் புது முன்ஃபோர்க்கும், அதோடு முன்சக்கரத்துக்குப் பெரிய பிரேக்கும் மாட்டினேன். மறுநாளே தளி ஊருக்குப் போகும் சாலை இறக்கத்தில் எருமை ஒன்று குறுக்கே வந்தது. பழைய பிரேக் லேசில் பிடிக்காது; அந்தப் பழக்கத்தில் புது பிரேக்கையும் முழு பலத்தோடு பிடித்துவிட்டேன். முன்சக்கரம் சட்டென்று நின்றுவிட, வண்டியோடு பள்ளத்தில் விழுந்தேன்.

வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது. அசைந்தால் வண்டி இன்னும் அழுத்தியது. சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் சொட்டியது. கத்தினேன்.

புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி ஓடிவந்தாள். தனியாக அவளால் தூக்க முடியவில்லை. ஹேண்டில்பாருக்கு அடியில் தோளைக் கொடுத்து, வண்டி என் காலை நசுக்காமல் தாங்கிக்கொண்டாள்.

“தீப்பிடிச்சிக்கும், நீ போயிடும்மா!” என்றேன்.

“சும்மா இருங்கண்ணா. நான் உட்டா உங்க காலு போயிரும்,” என்றாள், கன்னடச் சாயல் அடித்த தமிழில்.

மாட்டுவண்டியில் வந்தவர்கள் என்னை வெளியே இழுக்கும்வரை அவள் நகரவில்லை. பிறகுதான் தரையில் உட்கார்ந்து நடுங்க ஆரம்பித்தாள்.

“பயமா இருந்துச்சாம்மா?”

“ரொம்பண்ணா.”

பயமில்லாதவர்கள்தான் துணிந்து நிற்பார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதன்பின் பயப்படுகிறவர்கள் யாரையும் நான் இளக்காரமாகப் பார்த்ததில்லை.