ஆள் வரணும் என்று சொன்னோம்

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கி, விசிறிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் ஒரே தம்பி எழுதுவது. சற்று விசிறுவதை நிறுத்திவிட்டுப் படியுங்கள். அச்சகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் கெட்டித் தாளாகத்தான் போட்டிருக்கிறேன். படித்த பிறகும் விசிறலாம். இப்படிப்பட்ட கட்டுரைகளில் கண்ணீர் இருப்பது வழக்கம். இதில் கோபம் இருக்கிறது. பெரும்பங்கு என்மேல்தான். மிச்சத்தை நீங்கள் பகிர்ந்துகொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது சாத்தூர் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில். அங்கிருந்த சின்ன ஆலயத்தில் மணி அடித்து, பாய் விரித்து, பெருக்கி வைப்பது எங்கள் அப்பாவின் வேலை. அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அதற்குக் காரணம் நான். நான் பிறந்த பிறகு அம்மாவுக்கு உடம்பு தேறவே இல்லை. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே அக்கா தீப்பெட்டி ஒட்டினார்கள். என் முடி படியாமல் நிற்பதற்கு அந்தப் பசைதான் காரணம் என்று வெகுகாலம் சொல்லிவந்தேன். இப்போது முடியே இல்லாததால் அந்தச் சாக்கும் போய்விட்டது.

மணமாகி நாரணாபுரத்துக்கு வந்தார்கள். மூன்றாம் வருடமே அத்தான் மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். கையில் ஒரு வயதுப் பெண் குழந்தை. அக்கா பட்டாசு ஆலைக்குப் போய்த் தரைச்சக்கரம் சுற்றும் பிரிவில் சேர்ந்து, இருபத்தாறு வருடம் அதே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்து, அந்தக் குழந்தையை ஆசிரியை ஆக்கினார்கள். தீபாவளி சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். வேன் கிழக்கே திரும்பினால், அக்கா வேதாகமத்தை எடுத்துக்கொண்டு மேற்கே நடப்பார்கள். போர்மேன் ஒரு வருடம் திட்டினார், மறு வருடம் கெஞ்சினார், அதற்கடுத்த வருடம் தனக்காகவும் ஜெபம் பண்ணச் சொன்னார்.

இதனால் அக்காவைக் கறாரான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அதே பிரிவில் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரம் சுற்றியவர் முத்துமாரி. அவரும் அவருடைய தோழிகளும் வருடந்தோறும் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்து போவார்கள். போகிற நாளில் அவர்களுடைய வேலையையும் சேர்த்து அக்கா செய்து வைப்பார்கள். நான் ஒருமுறை கிண்டலாக ஏதோ சொன்னதற்கு, அவர்கள் முழு மனசோடு நடக்கிறார்கள், நீ பாதி மனசை வீட்டில் வைத்துவிட்டு ஆலயத்துக்கு வருகிறாய், உனக்குச் சிரிக்க என்ன யோக்கியதை என்று கேட்டார்கள். நான் சிரிப்பதை நிறுத்தினேன். பாதி மனசை மட்டும் கொண்டுவர மறந்தேன்.

என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். காலண்டர் கம்பெனியில் பிழை திருத்துபவன். தேதித் தாளின் அடியில் பொடி எழுத்தில் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் என்று வருகிறதே, அதைச் சரிபார்ப்பது நான்தான். நம் சபையார் பலர் கடைக்குக் காலண்டர் அடிக்க என்னிடம்தான் ஆர்டர் தருவார்கள். மேலே நல்ல மேய்ப்பர் படம் பெரிதாக வேண்டும். அடியில் நேரமும் இருக்கட்டும், சின்னதாக. ஒரு வருடம் புதன்கிழமைக்குரியதைச் செவ்வாயில் போட்டுவிட்டேன். முதல் புகார் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் சபைக் கமிட்டியிலிருந்து. நான் அக்காவுக்குக் கொடுக்கும் காலண்டரில் மட்டும், அக்கா வருடந்தோறும் அடிப்பகுதியைப் பிளேடு போட்டு மொத்தமாக அறுத்து எறிந்துவிடுவார்கள். என் ஒரு வருட உழைப்பு குப்பைக்கூடையில் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கிடக்கும்.

நாம் ராகு காலம் என்று வாயால் சொல்ல மாட்டோம். அம்புட்டு பக்தி. அதற்கு நம் குடும்பத்தில் வேறொரு சொல் இருக்கிறது: ‘ஆள் வரணும்.’ பெண் பார்க்கப் புறப்படும்போது நேரம் சரியில்லையா, கொஞ்சம் பொறுங்க, ஆள் வரணும். புதுவீட்டு ஜெபத்துக்குப் போதகர் ஐயா வந்து நின்றாலும், ஒரு அரை மணி நேரம், ஆள் வரணும். எந்த ஆள் என்று எவரும் கேட்பதில்லை. காதில் விழுகிற எல்லோருக்கும் தெரியும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்காவின் வயிற்றில் கட்டி என்று மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு ஆபரேஷன் என்றார்கள். செவ்வாய், மூன்றிலிருந்து நாலரை. எனக்கு மனப்பாடம் ஆயிற்றே. நர்ஸிடம் போய், ரத்தம் கொடுக்க ஆள் வரணும், ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கெஞ்சினேன். அந்தப் பெண் நேரே அக்காவிடமே போய், ரத்தம் தரும் உறவினர் எங்கே என்று கேட்டுவிட்டார். அக்கா என்னைக் கூப்பிட்டார்கள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஏலே, வர வேண்டிய ஆளு எப்பவோ வந்துட்டாருலே. அவரை நம்பித்தான் இந்தக் கட்டில்ல படுத்திருக்கேன். இன்னும் யாரு வரணும் உனக்கு?”

மூன்றரைக்கே கொண்டுபோனார்கள். அதன்பின் ஒன்பது மாதம் இருந்தார்கள். கடைசி வாரத்தில் என்னையும் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேட்டார்கள். நகை நட்டு பற்றி அல்ல, கல்லறைக் கல் பற்றியும் அல்ல. “என்னைய எடுக்கையில நேரம் பாக்காதீகப்பா. கடைசிப் பயணத்துலயாவது ஒருத்தரை மட்டும் நம்பிப் போயிக்கிடுதேன்.” நான் தலையில் அடித்து வாக்குக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை அடக்கம். இரண்டு மணிக்கு எடுப்பதாகப் போதகர் ஐயாவும் அக்கா மகளும் முடிவு செய்திருந்தார்கள். வியாழன், ஒன்றரையிலிருந்து மூன்று. பெட்டியை மூடும் நேரத்தில் கமிட்டியில் இருக்கும் என் சித்தப்பா காதருகே வந்தார். இந்த நேரத்தில் எப்படியடா எடுப்பது, ஆள் வரணும் என்று சொல்லிவிடு என்றார். சித்தப்பாவுக்குப் பின்னால், அதுவரை வந்திருந்த நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் வாயாலேயே அறிவித்தேன்: தூத்துக்குடியில் இருந்து ஆள் வரணும், மூணு மணிக்கு மேல எடுப்போம்.

அக்கா மகள் பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். “யாரு மாமா வரணும்?” என்று கேட்டாள். சித்தி முறையில் ஒருத்தர் என்றேன். தூத்துக்குடியில் நமக்கு ஒரு நாய்க்குட்டிகூடச் சொந்தமில்லை என்பது அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு மணி தாண்டியது. போதகர் ஐயா புத்தகத்தை மூடிக் கையில் வைத்துக்கொண்டார்.

அப்போது வாசலில் ஆலைப் பெண்களோடு உட்கார்ந்திருந்த முத்துமாரி எழுந்து உள்ளே வந்தார்.

“ஏங்க, யாரு வரணும்? அக்கா நேரம் பாக்க மாட்டாகன்னு எங்க செட்டுக்கே தெரியும். கூடப் பொறந்த உங்களுக்குத் தெரியாதா?” என்றார். சித்தப்பா, உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா என்று ஆரம்பித்தார். முத்துமாரி அவரை முடிக்க விடவில்லை. “எனக்கா புரியாது? நான் நேரம் பாக்கிறவதான். இந்த நேரத்துல ஒரு செம்பக்கூட எடுத்து வெளிய வைக்க மாட்டேன். ஆனா இது என் காரியமில்ல. அக்கா காரியம்.”

சொல்லிவிட்டுப் பெட்டியின் ஒரு பிடியைப் பிடித்தார். கூட வந்த இரண்டு பெண்களும் அக்கா மகளும் மற்ற மூன்றையும் பிடித்தார்கள். இருபத்தாறு வருடம் சக்கரம் சுற்றிய அக்காவை, சக்கரம் சுற்றுகிற கைகள் தூக்கின. பெண்கள் தூக்குவது வழக்கமில்லை என்று யாரோ முனகினீர்கள். யார் என்று தெரியும், பெயர் போடவில்லை. போதகர் ஐயா புத்தகத்தைத் திறந்து வாசித்துக்கொண்டே முன்னால் நடந்தார். நான் ஓடிப்போய்ப் பிடியில் கை வைத்தேன். அக்கா மகள் என் கையை எடுத்துவிட்டாள். சரியாகத்தான் செய்தாள்.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். அக்காவை மூன்றரை மணிக்கே கொண்டுபோன மருத்துவருக்கும் நர்ஸுக்கும் நன்றி. கல்லறைத் தோட்டத்தில் வெயிலில் நின்று குழி வெட்டியவர்களுக்கு நன்றி. முத்துமாரிக்கும் அவருடைய தோழிகளுக்கும் நன்றி; தாங்கள் பயப்படும் நேரத்தில், பயப்படாத ஒருத்திக்காகப் பெட்டியைத் தூக்கினீர்கள். நமக்குப் பிரசங்கம் போதாது என்று கடவுள் உங்களை அனுப்பினார். ஒரு வருடமாக என்னோடு பேசாமல் இருந்து, இந்தக் கட்டுரையை மட்டும் ‘நடந்ததை நடந்தபடி எழுதுங்க’ என்று கேட்ட என் அக்கா மகளுக்கு நன்றி. எழுதிவிட்டேன் அம்மா. பிழை இருந்தால் திருத்து.

செய்தி கேட்டு, மூணு மணிக்கு மேல போவோம் என்று கணக்காகப் புறப்பட்டு வந்து சேர்ந்த உறவினர்களுக்கும் நன்றி. நீங்கள் வந்தபோது மண் மூடி, மாலை போட்டு முடித்திருந்தோம்.