இடது கன்னத்து மச்சம்

தங்கராசா அண்ணர் குச்சவெளியில் மகள் வீட்டில் காலமானார் என்ற செய்தியை பஸ்ஸில் வந்த ஒருவர் எங்கள் ஸ்டூடியோவில் சொன்னபோது, தகனமே முடிந்திருந்தது. பாதை பூட்டியிருந்ததாம். யாரை நோவது? இப்போது எல்லாச் செய்தியும் பிந்தித்தான் வருகிறது.

திருகோணமலை நகரில் நாங்கள் இருவரும் ஒன்றாகப் படம் கழுவியவர்கள். கலவரத்தில் கடையின் முன்னறை எரிந்தபோது பெயர் எழுதிய பதிவுகளெல்லாம் போயின. பின்னறையில் ஆயிரக்கணக்கான நெகட்டிவ்கள் மட்டும் தப்பின. காணாமற்போனவர்களின் படம் தேடிச் சனம் வரத் தொடங்கியதும், அண்ணர் அவற்றை முகம் பார்த்தே பிரித்தார்: மீசை, கண்ணாடி, கன்னக்குழி, வலது மச்சம், இடது மச்சம்.

"மீசை இல்லாத ஆம்பிளை ஊரிலை ஆர் அண்ணை?" என்று கேலி செய்தேன்.

"அதாலைதான் மீசைக்கு மட்டும் ஒரு அலுமாரி" என்றார், சிரிக்காமல்.

ஒருநாள் சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு தாய் வந்தார். பிடித்துச் செல்லப்பட்ட மகனின் படம் வீட்டோடு எரிந்துவிட்டது. படம் இல்லாமல் ஆமி முகாம் வாசலில் விசாரிக்கவே முடியாது. "இதிலை ஒரு மச்சம்" என்று தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அண்ணர் வலது மச்சப் பெட்டிகளைக் கண் எரியும்வரை பார்த்தார். "இல்லை அம்மா" என்று அனுப்பிவிட்டு, அன்று அவர் சாப்பிடவில்லை.

சில வாரங்களின் பின் அண்ணரின் முகத்தில் படம் கழுவும் மருந்தின் கறை படிந்திருந்தது. என் வலது கன்னத்தைத் தொட்டு, "அண்ணை, இதிலை கறை" என்றேன். அவர் தன் வலது கன்னத்தைத் துடைத்தார்.

"அதில்லை, மற்றப் பக்கம்."

துடைத்த கை அப்படியே நின்றது. "பெத்தவ பிள்ளையை எதிரை நிண்டெல்லே பாத்திருப்பா! அவவுக்கு வலது, அவனுக்கு இடது" என்றபடி மற்றப் பெட்டியை இழுத்தார்.

படம் கிடைத்தது. வெய்யிலில் சைக்கிள் மிதித்துச் சல்லிக்குக் கொண்டுபோனோம். பெரிதாக்கித் தரவா என்று அண்ணர் கேட்டார்.

"பெரிசு மாலை போடத்தானே தம்பி? கொண்டு திரியச் சின்னது போதும்" என்றார் தாய்.

மகன் இன்னும் வரவில்லை. கையிலிருக்கும் படம் தேய்ந்துபோனதும் தாய் வருவார். அண்ணர் புதிதாக அடித்துக் கொடுப்பார். நேற்றும் அந்தத் தாய் வந்தார். அண்ணரின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கான படத்தைக் காயவிட்டிருந்தேன். அதைப் பார்த்தபடி நின்றார்.

"இவருக்குப் பெரிசோ?"

"ஓம் அம்மா."

அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ரை பிள்ளைக்குச் சின்னதுதான் தம்பி" என்றார்.

அண்ணை, எனக்கும் களைத்துவிட்டது. ஆனாலும் அந்தச் சின்னப் படத்தை அடித்துக் கொடுத்துத்தான் கடையைப் பூட்டினேன். போய் வாருங்கள். இடது பெட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்.